ஒற்றைத் தும்மலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

1

நேற்று காலை டிப்போவில் தும்மினேன். இங்கே பிப்ரவரியில் தும்மாதவர் யாரும் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் இந்த ஊரில், ஒரு பஸ் கம்பெனிக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. எதிர் மேஜையில் இருக்கும் அம்மையார் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "பிளெஸ் யூ" என்றார். நானும் கண்ணை எடுக்காமலேயே நன்றி சொன்னேன். இருபது வருஷத்துக்குக் கிட்ட இங்கே இருந்தாயிற்று. இப்படிப்பட்ட பதில்கள் யோசிக்காமலே வருகின்றன.

அதற்குப் பிறகுதான் தேதி நினைவுக்கு வந்தது. போன வருஷம் இதே வாரம் நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். அங்கே என் மகள் ஒரு முறை தும்மினாள். அதனால் என் அண்ணனின் இருதய சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் அந்த ஆங்கில வாசகத்தைப் பற்றி. நூலகத்தில் கிடைத்த நாலைந்து புத்தகங்களில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்பதுதான் முழு வாசகம். புழக்கத்தில் கடவுளின் பெயர் உதிர்ந்து, ஆசீர்வாதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதிர் மேஜை அம்மையாரிடம் ஒருமுறை கேட்டேன், இதைச் சொல்லும்போது கடவுளை நினைப்பீர்களா என்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர சர்ச் வாசலை மிதிப்பதில்லை, ஆனால் யாராவது தும்மி நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கதவை முகத்தில் அடித்துச் சாத்தியது போல இருக்கும் என்றார்.

எல்லோரும் சொல்லும் மூலக்கதை ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. தும்மல்தான் அதன் முதல் அடையாளம் என்று நம்பினார்கள். யாராவது தும்மினால் உடனே அவருக்காக ஒரு வரி ஜெபம் சொல்ல வேண்டும் என்று அப்போதைய போப்பாண்டவர் கட்டளையிட்டாராம். அழகான கதை. ஆனால் அந்தக் காலத்தவர் எழுதியதில் இதற்குச் சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பல நூற்றாண்டு கழித்து எழுதியவர்கள்தான் சொல்கிறார்கள். அதோடு, கொள்ளைநோய்க்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே ரோமாபுரிக்காரர் ஒருவர், தும்முகிறவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கே காரணம் தெரியவில்லை. ஆக, ரோமில் கிறிஸ்தவம் வேரூன்றுவதற்கு முன்பே வழக்கம் இருந்திருக்கிறது. ஜெபம் பின்னால் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

தும்மும்போது உயிர் மூக்கு வழியாக வெளியே போய்விடும், வாழ்த்திப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு விளக்கம். இருதயம் ஒரு நொடி நின்று ஓடுகிறது என்பது மற்றொன்று. மருத்துவர்கள் அப்படியெல்லாம் நிற்பதில்லை என்கிறார்கள். 'பிளெஸ்' என்ற சொல்லின் வேர் இந்த ஆசீர்வாதத்தைவிடப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ரத்தம் தெளித்துப் புனிதமாக்குவது என்று அர்த்தம் இருந்திருக்கிறது. பலி கொடுத்த இடத்திலிருந்து வந்த சொல்.

எங்கள் டிப்போவில் போலந்துக்கார மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். யார் தும்மினாலும் "ஸ்தோ லாத்" என்பார். அர்த்தம் கேட்டேன். "நூறு வருஷம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைகள் தும்மினால் எங்கள் ஊரிலும் "நூறு" என்றுதான் சொல்வார்கள்; மறுபடி தும்மினால் "இருநூறு". என் மகள் யாழினி நடக்கப் பழகும் வயதில் ஊருக்குப் போனபோது, அண்ணி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்நூறு வரைக்கும் எண்ணியிருக்கிறார்.

ஆனால் அது குழந்தைகளுக்கு. வாசலில் ஒருவர் கிளம்பி நிற்கும்போது விழுகிற ஒற்றைத் தும்மலுக்கு எங்கள் பக்கத்தில் வேறு சட்டம். இங்கே வாழ்த்து தும்முகிறவருக்கு. அங்கே கவலை, கிளம்புகிறவருக்கு. கிளம்புகிறவர் திரும்பி உள்ளே வரவேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு புதிதாகக் கிளம்புவது போலக் கிளம்ப வேண்டும்.

3

என் அண்ணன் தனசேகருக்கு ஐம்பத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் ஃபர்னஸ் மேஸ்திரி. எங்கள் அப்பா பொன்னேரி பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குள் போனவர் அண்ணன்தான். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவருக்கும் கலா அண்ணிக்கும் குழந்தைகள் இல்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்து அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். நான் லீவு போட்டேன். பள்ளியில் பருவ நடு விடுமுறை என்பதால் பதினைந்து வயது யாழினியும் கூட வந்தாள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை வண்டி வந்தது. முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கூடாது, காலையில் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சீட்டு இருந்த ஃபைல் என் கையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்து அண்ணன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு நின்றார். அண்ணன் செருப்பில் காலை நுழைத்தார். யாழினி தும்மினாள். ஒரே ஒரு தடவை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எங்களைப் பார்த்தாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து தும்மியவுடன் காதில் விழுகிற இரண்டு சொல்லுக்கு. இரண்டாவது தும்மல் வந்தால் பரவாயில்லை என்று ஸ்டெல்லா அக்கா மெதுவாகச் சொன்னார். வரவில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அண்ணாந்து முழுசாகக் குடித்தார். "இப்ப கெளம்புங்க" என்றார் அண்ணி. அத்தனை பேரும் ஒரு பாரம் இறங்கியது போல மூச்சு விட்டோம். நான் ஃபைலை இடுக்கிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

4

மருத்துவமனையில் கையில் ஊசி குத்துவதற்கு முன்பு நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். நேற்று ராத்திரி. தண்ணீர்?

"கெளம்பறப்போ ஒரு டம்ளர்" என்றார் அண்ணன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்கம்மா. பாப்பா தும்மிடிச்சி. அப்புறம் தண்ணி குடிக்காம எப்டி கெளம்பறது?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. பொதட்டூர்பேட்டைக்காரராம். "எங்க ஊட்லயும் இதான். ஒரு மடக்கோட நிறுத்திருக்கக் கூடாதா பெரியவரே, டம்ளர் முழுக்கவா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அண்ணனின் முறை கடைசிக்குப் போனது. நடுவில் அவசரக் கேஸ் ஒன்று வந்தது. மாலையில் டாக்டர் வெளியே வந்து, இன்று முடியாது, அடுத்த வியாழக்கிழமை வாருங்கள், அதுவரை மாத்திரையை விடாதீர்கள், மாடிப்படி ஏறாதீர்கள் என்றார். அவர் குரலில் இருந்த யோசனை எங்களுக்குப் பிடிக்கவில்லை.

தேதி மாறியதால் காப்பீட்டு அனுமதியை மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஆதாரில் தனசேகர், காப்பீட்டு அட்டையில் தனசேகரன். போன தடவை ஏற்றுக்கொண்ட அதே கவுண்டரில் இந்தத் தடவை இருவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இங்கிலாந்துப் பள்ளிக்கும் எழுத வேண்டியிருந்தது. விடுமுறைக்கு மேல் ஒரு வாரம் பிள்ளையை நிறுத்திவைக்க அங்கே காரணம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். தும்மல் என்று எழுதினால் என்ன பதில் வரும் என்று யோசித்துவிட்டு, குடும்பத்தில் மருத்துவக் காரணம் என்று எழுதினேன்.

திரும்பி வரும் வழியில், செங்குன்றம் தாண்டினோம். பிறகு அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தும்மல் சொல்லிச்சி. நாமதான் கேக்கல."

"தும்மல் ஒண்ணும் பண்ணல பெரியம்மா. தண்ணிதான் பண்ணிச்சு" என்றாள் யாழினி.

அவள் தமிழ் அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

5

அந்த வாரம் சாயங்காலங்களில் அண்ணனும் நானும் தெருமுனை டீக்கடை வரைக்கும் மெதுவாக நடந்துபோய் உட்காருவோம். தும்மலைப் பற்றி நான் முன்பே படித்திருந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். போப்பாண்டவர் கதையைக் கேட்டு, "அந்த ஆளு தண்ணி குடிக்கச் சொல்லலியே, அதுவரைக்கும் நல்லவருதான்" என்றார். இருதயம் நிற்கும் கதைக்கு, "எனுக்கு நின்னுதான் ஓடுது, தும்மலே வேணாம்" என்றார். பிளெஸ் என்ற சொல்லில் ரத்தம் இருக்கிறது என்றபோது சிரிக்கவில்லை. ஆயுதபூஜை அன்று ஃபர்னஸ் முன்னால் பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி உடைக்கிறோமே, அதுவும் ரத்தத்துக்குப் பதில்தானே என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அவர்கள் ஆலையிலும் தும்மலுக்குச் சட்டம் உண்டாம். உருகின இரும்பை ஃபர்னஸிலிருந்து சாய்த்து ஊற்றுவதற்கு முன் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், அந்த ஷிஃப்டே கையை எடுத்துவிடும். எல்லோரும் பின்னால் வந்து பானையில் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்ப லீவரைத் தொடுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஊரிலும் அதேதான். ஒரு புது மேனேஜர் மட்டும் இதென்ன பேஜாரு என்று சத்தம் போட்டாராம். அவர் சத்தம் போட்டு முடிக்கும் வரைக்கும் தண்ணீர் குடித்தோம் என்றார் அண்ணன். முப்பது வருஷமாகத் தும்மல் கேட்டதும் கை டம்ளருக்குப் போய்விடுகிறது. அன்றைக்கும் அப்படித்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டாக்டர் சொன்னதைக் கேட்காமல், அண்ணன் மாடித் தொட்டியைப் பார்க்கப் படியேறிவிட்டார். நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் முழுக்க வேர்வை. அண்ணி ஓடிப்போய் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. எங்களுக்கு அடங்கவில்லை. ஒரு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வியாழக்கிழமை வரைக்கும் தாங்குவாரா என்பதுதான் அதன்பிறகு வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணி மாறினார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. யாழினிக்கு நாஷ்டா வைத்தார், தலைக்கு எண்ணெய் வைத்தார். ஆனால் அண்ணன் சட்டையை எடுத்தாலே, பாப்பா எங்கே இருக்கிறாள் என்று அண்ணியின் கண் தேடும். அவள் வாசல் பக்கம் இருந்தால் ஏதாவது வேலை சொல்லி உள்ளே கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் மொழி தெரியாவிட்டாலும் தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை பார்த்தேன், பெரியப்பா டீக்கடைக்குக் கிளம்பும்போது யாழினி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா வந்து, நாளைக்கு விடிகாலையில் என்னோடு வந்து இருக்கிறாயா கண்ணு, நாம் இரண்டு பேரும் பெரியப்பாவுக்காக ஜெபம் பண்ணலாம் என்று யாழினியைக் கூப்பிட்டார். அண்ணி கேட்டுக்கொண்டதால்தான் வந்திருக்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. யாழினி சரி என்று தலையாட்டினாள். அவர் போன பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், நான் என்ன செய்தேன் என்று. நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன். அப்படியானால் ஏன் என்றாள்.

போப்பாண்டவர் முதல் போலந்துக்காரர் வரைக்கும் எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுகிறேன், போய்ப் படு என்று மட்டும் சொன்னேன்.

6

மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் அண்ணனுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. இப்போது பகல் ஷிஃப்ட் மட்டும் போகிறார். நான் எழுத வந்தது அன்றைய காலையைப் பற்றி.

வண்டி வந்து நின்றது. யாழினி விடிவதற்கு முன்பே ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அண்ணன் வெளியே வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாப்பா எங்க?"

"அது தூங்குது. நீங்க ஏறுங்க" என்றார் அண்ணி.

"தூங்குதா? எங்க தூங்குது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தேன். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் வண்டியில் ஏறவில்லை. வாசற்படியிலும் திரும்ப ஏறவில்லை. தெருவில் நின்றபடியே பேசினார். குரலை உயர்த்த அவருக்குத் தெம்பு இல்லை.

"கலா, உன்ன எத்தினி கல்யாணத்துல 'நீ கொஞ்சம் உள்ள போம்மா'ன்னு சொன்னாங்க?"

அண்ணி வாசற்படியைப் பார்த்தார்.

"எங்க சித்தப்பா பொண்ணுக்கு நிச்சயம் பண்ணக் கெளம்பறப்போ சொன்னாங்க. இவன் பிளேன் ஏறப் போறப்போ எங்க அம்மாவே சொல்லிச்சி. நீயும் உள்ள போய்க்கினே இருந்த. நானும் பாத்துக்கினே இருந்தேன். இப்ப இந்தப் புள்ளயயும் உள்ள தள்ளிட்டு நான் போவணுமா?"

நான் முதல்முறை விமானம் ஏறக் கிளம்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. தேதி கூடச் சொல்வேன். எல்லோரும் வாசலில் நின்றார்கள். அண்ணி ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. அடுப்பில் வேலையாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது, பிள்ளை குட்டியோடு நிறைவாக இருக்கும் ஒரு பெண்ணை எதிரே நடந்து வரச் சொல்வார்கள். அதற்கு ஒருநாளும் அண்ணியைக் கூப்பிட்டதில்லை.

"எனுக்கு உங்க உசுருதான் முக்கியம்" என்றார் அண்ணி.

"தெரியும். அதுக்கோசரம்தான் சொல்றேன். போய் பாப்பாவ இட்டுக்கினு வா."

அண்ணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். டிரைவர் மணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன், தாமதமாகிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குள் போனார்.

இப்போது வருவார்கள், இப்போது வருவார்கள் என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. ஸ்டெல்லா அக்கா மட்டும் வாசலுக்கு வந்து, பின்பக்கமாகப் போயிருக்கிறார்கள் என்று கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். தெரு முனையில், பின் சந்து வந்து சேரும் இடத்தில், இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். வண்டிக்கு நேர் எதிரே.

யாழினி கைக்குட்டையால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தாள். அண்ணி அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து ஏதோ சொன்னார்; எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வேகமாக இல்லை. எதிரே வருகிறவர்கள் நடக்க வேண்டிய நடையில், தலை நிமிர்ந்து, தெருவின் நடுவில். பால் வாங்கப் போன ஒரு பெண்மணி ஒதுங்கி வழிவிட்டார்.

டிரைவர் இன்ஜினைப் போட்டார். அண்ணன் பின் இருக்கையில் ஏறினார். ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.